இறக்கத்தில் எடுக்கும் உதறல்

பிரேக் மிதித்தால்தான் உதறுகிறது, மிதிக்காதவரை வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று வையாபுரி சொன்னதற்கு, "அப்ப மிதிக்காமயே ஓட்டுங்கண்ணா" என்று மெக்கானிக் ரியாஸ் சிரித்தான். மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இதைச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிக்க வருகிறது என்று வையாபுரி நினைத்தான். பட்டறையின் தகரக் கூரைக்கு மேலே கொல்லிமலை நின்றது. மத்தியான வெயிலில் மலைமேல் ரோடு துண்டு துண்டாகத் தெரிந்தது, மேலே போகப் போக மெலிந்து, ஒரு வளைவுக்குப் பிறகு மரங்களுக்குள் போய்விட்டது. அது எந்த வளைவு என்று அவனுக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் தன் பிக்கப்பின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்டியரிங் உதறுதா, உக்காந்திருக்கிற சீட்டு உதறுதா? ரியாஸ் கேட்டான். ஸ்டியரிங்தான். பெடல் காலை எதிர்த்துத் தட்டுதா? கொஞ்சம். அப்ப முன்னாடிதாண்ணா, பின்னாடி டிரம்முல கோளாறுன்னா சீட்டுக்கு அடியிலதான் தெரியும். கொஞ்சம் என்று சொல்லியிருக்க வேண்டாமோ, நிறைய என்று சொல்லியிருக்கலாமோ. நிறைய என்றால் வண்டி நிறைய நாள் இங்கே நிற்கும், ஞாயிற்றுக்கிழமை தாண்டியும் நிற்கும். இன்றைக்கு வெள்ளி. நாளை ஒரு நாள் போய்விட்டால், நாளை மறுநாளும் வண்டி ஜாக்கியின் மேலேயே உட்கார்ந்திருந்தால். இப்படி நினைத்தவுடன் அவனுக்கே கூச்சமாக இருந்தது. தன் வண்டி கெட்டுக்கிடக்க வேண்டும் என்று எந்த டிரைவராவது வேண்டிக்கொள்வானா. ஆனால் வேண்டிக்கொண்டான். முன் சக்கரங்களின் இரண்டு பிரேக் டிஸ்க்கையும் போன மாசம்தான் புதிதாக மாற்றிப் போட்டது, மாற்றியதும் உதறல் நின்றது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வந்தது, முதலில் விரல் நுனியில், பிறகு மணிக்கட்டில், இப்போது இறக்கத்தில் மிதித்தால் முழங்கை வரைக்கும். போய்விட்டுத் திரும்பி வருகிற வியாதி லேசில் போகாது. அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது.

ரியாஸ் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றத் தொடங்கினான். வையாபுரி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக் காதுகுத்து. மனைவி பரிமளத்தின் அண்ணன் குழந்தைவேலுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை, போகாத கோயில் இல்லை, கடைசியில் மலைமேல் இருக்கிற குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு பிறந்தது மிதுனா. இப்போது அதற்கு மொட்டையடித்துக் காது குத்தி, கெடா வெட்டி, வந்த சனத்துக்கெல்லாம் அங்கேயே ஆக்கிப் போட வேண்டும். நம்ம மாப்ள வண்டி இருக்கும்போது நமக்கென்ன, எல்லாரும் பின்னாடி ஏறிக்க வேண்டியதுதான். மச்சான் இதை அவனிடம் கேட்கக்கூட இல்லை. பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பொதுவாகச் சொன்னார், எல்லோரும் சரி என்றார்கள், பரிமளம் பெருமையாக அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் தலையாட்டினான். ஆட்டவில்லை, தலை தானாக ஆடியது. அப்போதே சொல்லியிருக்கலாம், என்ன சொல்வது. பின்னால் ஆள் ஏற்றுவது தப்பு, போலீஸ் பிடிக்கும் என்றால் மச்சானுக்கு ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது. வண்டி மேலே ஏறாது என்றால் வாரம் முழுக்க மரவள்ளி மூட்டையோடு ஏறி இறங்குகிற வண்டி ஊருக்கே தெரியும். மச்சானிடம் அவன் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. பரிமளத்துக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் நடந்தபோது இவன் கேரளாவுக்கு லோடு போய் மழையில் மாட்டிக்கொண்டான். அங்கே பாலக்காட்டில் பாதை அடைத்துக் கிடக்க, இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் பேப்பரை விரித்துப் படுத்தது மச்சான்தான். ரத்தம் கொடுத்ததும் அவர்தான். இவன் வந்து சேர்ந்தபோது ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை, "சாப்டியா மாப்ள" என்றுதான் கேட்டார். அந்த மனுஷனிடம் உன் பிள்ளை காதுகுத்துக்கு என் வண்டி வராது என்று எந்த வாயால் சொல்வது. வண்டி சொல்லட்டும். வண்டிக்கு யாரோடும் உறவு இல்லை. உதறுது மச்சான், இந்த நெலமையில ஆள ஏத்துனா ஆபத்து. எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பொய்கூட இல்லை.

"இங்க பாருங்கண்ணா." இழை அளவு சாய்வையும் அளந்து காட்டுகிற டயல் கேஜை ரியாஸ் லேத் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தான், அதை ஒரு கம்பியில் பொருத்தி, அதன் மூக்கு டிஸ்க்கின் முகத்தில் படும்படி வைத்திருந்தான். டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினான். கடிகாரம் போன்ற வட்டத்துக்குள் முள் கொஞ்சம் முன்னால் போய், கொஞ்சம் பின்னால் வந்து, திரும்ப முன்னால் போனது. கண்ணால் பார்த்தால் டிஸ்க் நேராகத்தான் சுற்றுகிறது. முள் மட்டும் இல்லை இல்லை என்கிறது. வையாபுரி அந்த முள்ளையே பார்த்தான். முன்னால் போகிறது, வருகிறது, முன்னால் போகிறது. அன்றைக்கு மலையில் பார்த்த டிரைவரின் கால் இப்படித்தான் போய் வந்தது. போன வருஷம் ஆவணியில் மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, அந்த வளைவுக்கு முன்பே பிரேக் கருகும் வாடை வந்தது, தன் வண்டியோ என்று நினைத்து நிறுத்தினான், தன் வண்டி இல்லை. கைப்பிடிச் சுவர் உடைந்திருந்தது. கீழே ஒரு பிக்கப், தன்னுடையதைப் போலவே வெள்ளை. கோயிலுக்குப் போய்விட்டு இறங்கிய சனம். அதற்குள் சிலர் இறங்கித் தூக்கத் தொடங்கியிருந்தார்கள், இவனும் இறங்கினான். காலுக்கடியில் வழுக்கியது, பார்த்தால் புளிச்சோறு, அண்டாவோடு கவிழ்ந்து சரிவெல்லாம் சிதறிக் கிடந்தது, இன்னும் சூடு இருந்தது. யார் யாரைத் தூக்கினான் என்று இன்றைக்கு நினைவில்லை. தூக்கும்போது சிலர் கனமாக இருந்தார்கள், சிலர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், கட்டிக்கொண்டவர்கள் பிழைப்பார்கள் என்று அப்போது தோன்றியது. மேலே வந்தபோதுதான் அந்த டிரைவரைப் பார்த்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவன் வயசுதான் இருக்கும். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். ரோட்டோரம் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தான். அழுத்தி, எடுத்து, அழுத்தி. பிரேக் புடிக்கல, புடிக்கல என்றான், யாரைப் பார்த்தும் இல்லை. கீழே கிடந்தவர்கள் எல்லாம் அவனுடைய சொந்தம். அக்கா, அக்கா பிள்ளைகள், சித்தப்பன் குடும்பம். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, அதுதான் வையாபுரியால் தாங்க முடியவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் வாங்கவில்லை. போலீஸ் வரும் வரைக்கும் வையாபுரி எழுந்திருக்கவில்லை, அவன் கால் போய் வந்தபடியே இருந்தது. பிற்பாடு பிரேக் ஆயில் சூட்டில் கொதித்துவிட்டது என்றார்கள், நியூட்ரலில் இறக்கினான் என்றார்கள், குடித்திருந்தான் என்றார்கள். குடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா, சந்தன வாசனைதான் அடித்தது. அன்றைக்கு வீட்டில் ஏன் இவ்வளவு நேரம் என்று பரிமளம் கேட்டாள். ரோடு பிளாக் என்றான். அடுத்த நாள் ஊரே அந்த விபத்தைப் பேசியது, நல்லவேளை அந்த நேரத்துல நீங்க அங்க இல்ல என்றாள், அவன் ம் என்றான். அதன் பிறகும் சொல்லவில்லை. சாவதற்குப் பயமா என்றால் அது இல்லை, அது எல்லா டிரைவருக்கும் இருக்கிற பயம், வளைவுக்கு வளைவு வந்து வந்து போகும். இது வேறு. எல்லோரும் கீழே கிடக்க, தான் மட்டும் கீறல் இல்லாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பது.

"கோளாறு டிஸ்க்குல இல்லண்ணா" என்றான் ரியாஸ். வையாபுரிக்கு முதலில் காதில் ஏறவில்லை. டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் துளை தள்ளிப் பொருத்தித் திரும்ப அளந்து பார்த்தானாம். டிஸ்க் வளைந்திருந்தால் முள் விலகுகிற இடமும் டிஸ்க்கோடு சேர்ந்து தள்ளிப் போயிருக்க வேண்டும். போகவில்லை, பழைய இடத்திலேயே நிற்கிறது. அப்படியென்றால் டிஸ்க் உட்காருகிற ஹப்பில் ஏதோ இருக்கிறது. கழற்றி டார்ச் அடித்துக் காட்டினான். ஹப்பின் முகத்தில் ஒரு பக்கம் துரு பொருக்குத் தட்டி, பழைய காயத்தின் மேல் காய்ந்த ரத்தம் மாதிரி ஒட்டியிருந்தது. "இத சொரண்டாம அதுக்கு மேலயே புது டிஸ்க்க மாட்டிட்டேன். எம்மேலதான் தப்பு. இதுக்கு மேல உக்காந்தா டிஸ்க் ஒரு இழை சாஞ்சுதானே நிக்கும். மொதல்ல தெரியாது. ஓட ஓட பிரேக் பேடு ஒரே எடத்துல ஒரசி அந்த எடம் மட்டும் தேஞ்சிரும், அப்புறம்தான் உதறும். அதான் மாசம் கழிச்சு வந்துச்சு." அவன் முகத்தில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். இவ்வளவுதானா என்று வையாபுரி கேட்டான். இவ்வளவுதாண்ணா, துருவச் சொரண்டிட்டு, டிஸ்க்க லேத்துல குடுத்து ஒரு கடைசல் புடிச்சுச் சமமாக்கி மாட்டுனா சாயங்காலம் எடுத்துட்டுப் போயிரலாம். சாயங்காலம். வேறெதுவும் மாற்ற வேண்டாமா, சேலத்திலிருந்து ஏதாவது சாமான் வர வேண்டாமா, பார்த்துவிடு ரியாசு, நல்லாப் பார்த்துவிடு, மலை ஏறுகிற வண்டி. ரியாஸ் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். "எல்லாம் பாத்துட்டேண்ணா. காலிபர் பின்னு கிரீஸ் போட்டு நல்லா ஓடுது. பெயரிங் டைட்டா இருக்கு. பிரேக் ஆயில் வேணா புதுசு மாத்திர்றேன். நீங்க ஏன் பயப்படறீங்க?" நான் எங்கே பயப்படுகிறேன் என்றான்.

இரும்பு பிரஷ் துருவைச் சுரண்டும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. செந்நிறப் பொடி ரியாஸின் கையில் படிந்தது. வையாபுரி ரோட்டுக்கு வந்து நின்று மலையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து வாழைத்தோப்பைப் பார்த்தான். பரிமளம் போனில் கூப்பிட்டாள். வண்டி ரெடியாயிருச்சா, அண்ணன் கேட்டுச்சு, அது அந்தப் பக்கமாத்தான் பாத்திரம் வாடகைக்குப் பேச வருதாம், பட்டறைக்கே வருதாம். ரெடியாகிவிடும் என்றான். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, வெயில்ல நிக்கறீங்களா. இல்லை, நிழலில்தான். நிழலில் இல்லை, தலை கொதித்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லலாம், பரிமளம், ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினால் போதும், அவள் மிச்சத்தைப் பிடுங்கிவிடுவாள். ஆனால் சொன்னால் அவள் முகம் மாறும், இத்தனை நாள் எங்கிட்டச் சொல்லாம எப்படி இருந்தீங்க என்பாள். ஏன் சொல்லவில்லை. சொன்னால் நடந்தது நிஜமாகிவிடும் என்று நினைத்தானோ. அல்லது எந்த டிரைவரும் இதை வீட்டில் சொல்வதில்லை, சொன்னால் ஒவ்வொரு நாளும் வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதனாலா. அவள் வைத்துவிட்டாள். உள்ளே ரியாஸ் லேத்திலிருந்து வந்த டிஸ்க்கை மாட்டிக்கொண்டிருந்தான். நட்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி முடுக்கினான். டயல் கேஜின் முள் இப்போது அசையவில்லை. எத்தனை சுற்று சுற்றினாலும் செத்ததுபோல ஒரே இடத்தில் நின்றது. "வெண்ணெய் மாதிரி ஆயிருச்சுண்ணா" என்றான் ரியாஸ். வையாபுரிக்கு அழுகை வரும் போலிருந்தது.

குழந்தைவேல் பஸ்ஸிலிருந்து இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக வந்தார். "என்ன மாப்ள, ஆச்சா? வா, ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துருவோம்" என்று தானே கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். மலை ரோட்டில் முதல் சில வளைவுகள் வரை ஏறித் திரும்பினார்கள். மச்சான் வழியெல்லாம் பேசினார், ஆட்டைப் பற்றி, சமையல்காரரைப் பற்றி, மிதுனா மொட்டைக்கு அழுவாளா மாட்டாளா என்று. வையாபுரி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான். ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங் கையில் அசையாமல் கிடந்தது. இன்னும் அழுத்தி மிதித்தான். வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது. கையில் உதறல் வரும் வரும் என்று விரல்கள் காத்திருந்தன, வரவில்லை. "அடடா" என்றார் மச்சான். "காருல போற மாதிரி இருக்குது. ஞாயித்துக்கெழம பின்னாடி ரெண்டு ஜமுக்காளத்தப் போட்டு, கம்பிய சுத்திக் கயிறக் கட்டிட்டா எத்தன பேரானாலும் சிவனேன்னு வந்துரலாம்." வையாபுரி அடிவாரத்து டீக்கடை எதிரில் வண்டியை ஓரங்கட்டினான். இஞ்சினை அணைத்தான். இப்போது சொல்ல வேண்டும், இனி வண்டி தனக்காகச் சொல்லாது. இத்தனை நாளும் அதன் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தான், அதையும் இப்போது கழற்றித் துடைத்துச் சரிசெய்தாகிவிட்டது. "வண்டி நல்லாருக்கு மச்சான்" என்றான். "ஆனா நான் ஆள ஏத்த மாட்டேன்." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

குழந்தைவேல் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. "ஏன், போலீஸா? அதான் நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல." அதில்லை. "அப்புறம்? பரிமளம் எதாச்சும் சொன்னாளா? எங்க ஊட்டுல யாராச்சும் உன்ன எதாச்சும் சொல்லிட்டாங்களா?" இல்லை மச்சான். "பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சு. இப்ப வந்து சொல்றியே." இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். மச்சானின் முகம் சுருங்கியது, கோபத்தைவிட அதில் அடிபட்ட மாதிரி ஏதோ இருந்தது, அதைப் பார்க்க முடியாமல் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தான். "சரி உடு. ஊருல உன் வண்டி ஒண்ணுதான் இருக்குதா?" என்று கதவைத் திறந்து இறங்கினார். போனை எடுத்து யாருக்கோ அடித்தார். எடுக்கவில்லை போலிருந்தது. பரமத்தியில் ஒருவனிடம் பிக்கப் இருக்கிறது, சின்னப் பையன், வேகமாக ஓட்டுவான், மலையில் அவ்வளவாக ஓட்டியதில்லை, அவனாகத்தான் இருக்கும். இதை வையாபுரி நினைத்துப் பார்க்கவே இல்லை. நான் மாட்டேன் என்றால் இவர்கள் போகமாட்டார்கள் என்று எப்படி நினைத்தேன். போவார்கள். வேறொருவன் ஓட்டுவான். பரிமளம் ஏறுவாள், மிதுனாவை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் மச்சான் பெண்டாட்டி ஏறுவாள். நான் மட்டும் வீட்டில் கீறல் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். கதவைத் திறந்து இறங்கினான். "மச்சான், ஒரு நிமிஷம் நில்லுங்க." அவர் நிற்கவில்லை. "மச்சான், போன ஆவணியில மேல வண்டி கவுந்துச்சே, நான் அங்கதான் இருந்தேன்."

அவர் திரும்பினார். வையாபுரி சொன்னான். வரிசையாகச் சொல்ல வரவில்லை. முதலில் சோற்றைச் சொன்னான், பிறகு கருகல் வாடையை, பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டவர்களை, கட்டிக்கொள்ளாதவர்களை. ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு மச்சான், மொட்டையடிச்சு சந்தனம் பூசியிருந்தாங்க. இதை அவன் இதுவரை தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை, சொன்ன பிறகுதான் அது இருந்தது தெரிந்தது. அந்த டிரைவர் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். அவன் நல்ல டிரைவர் மச்சான், வண்டியும் நல்ல வண்டியாத்தான் இருந்திருக்கும், கெளம்பறப்ப எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும். டீக்கடையில் யாரோ அடுப்பை ஊதினார்கள், ஒரு லாரி கடந்து போனது, அது போகும்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினான். "ஆட்டையும் பாத்திரத்தையும் அரிசி மூட்டையையும் நான் ஏத்தறேன். ரெண்டு நடையானாலும் வர்றேன். சனத்த பஸ்ஸுல கூட்டிட்டுப் போங்க. மனுசங்கள மட்டும் பின்னாடி ஏத்தச் சொல்லாதீங்க. வேற யாருதுலயும் ஏத்தாதீங்க." கெஞ்சுகிறோம் என்று தெரிந்தது. கெஞ்சினான்.

குழந்தைவேலின் கையில் போன் அடித்தது. பரமத்திக்காரன் திரும்பக் கூப்பிடுகிறான். அவர் திரையைப் பார்த்தார், வையாபுரியைப் பார்த்தார். அடித்து அடித்து அது தானாக ஓயப் போகிற நேரத்தில் எடுத்து, "இல்ல தம்பி, சும்மாத்தான் அடிச்சேன். வேணாம், ஏற்பாடு ஆயிருச்சு" என்று சொல்லி வைத்தார். மன்னித்தாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை, கோபம் அங்கேயேதான் இருந்தது. டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார். வையாபுரி நின்றுகொண்டிருந்தான். "உக்காரு" என்றார். உட்கார்ந்தான். "பரிமளத்துக்குத் தெரியுமா இது?"

"தெரியாது மச்சான்."

"இத்தன மாசமா ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு." அவர் டீயை வாங்கி முதலில் இவன் கையில் கொடுத்தார். "இன்னிக்குச் சொல்லு. நான் வேணா கூட வந்து உக்காந்துக்கறேன்."